கண்ணில் அழுத்தம் குறைந்தாலும் கவலைதான்

நேயர்களுக்கு வணக்கம்.

விழித்திரை ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, கட்டைப் பிரித்ததும் கண் அழுத்தம் பார்ப்போம். நர்ஸ் "நாலு" என்று சொன்னால் பக்கத்தில் நிற்கும் மனைவிக்கோ மகனுக்கோ முகம் மலர்ந்துவிடும். "பிரஷர் கம்மியா இருக்கு, நல்லதுதானே டாக்டர்?" ரத்தக்கொதிப்புக்கும் கண் நீர் அழுத்த நோய்க்கும் மாத்திரை, சொட்டு மருந்து என்று பழகிய வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கண்ணுக்கு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பான அளவு. 5-க்குக் கீழே இறங்கினால் எனக்கு அது பிடிக்காது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கண் உருண்டையாக நிற்கிறது. அது குறைந்தே கிடந்தால், காற்றுப் போன பந்து போலக் கண் தொளதொளத்து, பார்வையின் மையமான மாக்குலாவில் சுருக்கம் விழும். நேர்கோடுகூட நெளிந்து தெரியும்.

அழுத்தம் ஏன் குறைகிறது? ஏரியில் தண்ணீர் குறைந்தால் நம் ஊரில் என்ன பார்ப்பார்கள்? கரையில் ஓட்டையா, இல்லை வரத்து நின்றுவிட்டதா? கண்ணிலும் அவ்வளவுதான்.

முதலில் கரை. மையாமியில் ராபர்ட் மாஹெமர் 1970-களின் தொடக்கத்தில் விட்ரெக்டமியை, அதாவது கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல்லை எடுக்கும் ஆபரேஷனைக் கொண்டுவந்தார். பிறகு வழக்கமான 20 கேஜ் கருவிக்குக் (கேஜ் எண் கூடினால் கருவி மெலிந்தது என்று அர்த்தம்) கண் சுவரில் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் துளை வேண்டும், தையலும் போட்டாக வேண்டும். இப்போது 25 கேஜ், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். தையல் இல்லாமலே மூடிக்கொள்ளும். எல்லாக் கண்ணிலும் அல்ல. இளவயதுக்காரர்கள், கிட்டப்பார்வை அதிகமாகி விழிவெண்படலம் மெலிந்தவர்கள், அதே இடத்தில் ஏற்கெனவே கத்தி பட்டவர்கள், இவர்களுக்குக் கசிவு வரலாம். துளையைச் சாய்வாகப் போடாமல் நேராகக் குத்தினாலும், ஓரம்வரை விட்ரியஸைச் சுரண்டி எடுத்தாலும் வாய்ப்பு கூடும். கடைசியில் கண்ணுக்குள் காற்றோ வாயுவோ விட்டால் அந்தக் குமிழி துளையை உள்ளிருந்து அடைத்துக்கொள்ளும். வெறும் திரவம் என்றால் அந்த உதவி கிடையாது. சந்தேகம் இருந்தால் நான் ஒரு தையல் போட்டுவிடுவேன். நான்கு நாள் உறுத்தும் என்று திட்டுவார்கள், திட்டட்டும். கசிகிற துளை வழியே கிருமியும் உள்ளே போகலாம் அல்லவா?

இந்தக் கசிவு பெரும்பாலும் சில நாட்களில் தானே சரியாகிவிடும். எனக்குத் தூக்கம் கெடுவது இரண்டாவது வகையில். கண்ணுக்குள் நீரைச் சுரப்பது கருவிழிக்குப் பின்னால் வளையமாக இருக்கும் சிலியரி பாடி. நிமிடத்துக்கு இரண்டு, மூன்று மைக்ரோலிட்டர்தான் சுரக்கும். விழித்திரை கழன்று நாளாகி, உள்ளே தழும்புச் சவ்வு படர்ந்து, அது சிலியரி பாடியையும் பிடித்து இழுத்தால் வரத்து வற்றிவிடும். பலமுறை ஆபரேஷன் ஆன கண், அடிபட்ட கண், யுவியைட்டிஸ் என்ற உள்அழற்சி உள்ள கண், சுருங்கிப்போன விழித்திரையை வெட்டி எடுக்க வேண்டி வந்த கண் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அப்படிப்பட்ட கண்ணில், விழித்திரையைத் தாங்க ஆபரேஷனில் உள்ளே விட்ட சிலிகான் எண்ணெயை எடுத்தால் அழுத்தம் சட்டென்று விழலாம். "எண்ணெயை எப்போ எடுப்பீங்க?" என்று கேட்பவரிடம், "எடுக்காமல் இருப்பதே நல்லது" என்று சொல்ல வேண்டியிருப்பது அதனால்தான்.

அப்புறம் ஒன்று. வாயு விட்ட கண்ணில் முதலில் அழுத்தம் ஏறுவதும் உண்டு. அதைக் குறைக்கச் சொட்டு மருந்து எழுதுவோம். வாயு கரைந்த பிறகும், நிறுத்தச் சொல்லவில்லையே என்று சிலர் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனாலும் அழுத்தம் இறங்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் சொட்டு மருந்து பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று பார்த்துச் சொல்லிவிடுவோம்.

வணக்கம்.