நான் எடுக்கும்போது இரண்டு இருந்தது

வணக்கம் நேயர்களே. சமைத்துக்கொண்டு கேட்பவர்கள் சமையுங்கள், ஓட்டோவில் கேட்பவர்கள் ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். நான் இந்தத் திருகோணமலையில் 31 வருடம் வெள்ளை உடுப்புப் போட்டு வேலை செய்த ஒரு நேர்ஸ். இப்போது ஓய்வு. வானொலி நிலையத்துத் தம்பி போன் எடுத்து, "அம்மா, தாதியர் சேவையைப் பற்றி ஒரு கால் மணி நேரம் பேசுங்கோ" என்றார். மே 12 வந்தால் விளக்கேற்றுவார்கள், ப்ளோரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றி ஒருவர் பேசுவார், எங்களைத் தேவதைகள் என்பார்கள், கேக் வெட்டுவார்கள். அந்தப் பேச்சை எல்லாம் நான் போதுமான அளவு கேட்டுவிட்டேன். அதனால் இன்றைக்கு அந்தத் தேவதைகள் ஒருத்தருக்கொருத்தர் கொடுக்கிற எரிச்சலைப் பற்றிக் கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

நாலு பேர் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் எரிச்சல் இல்லாமல் இருக்காது. பள்ளிக்கூடமோ, வங்கியோ, அரசாங்கக் கச்சேரியோ, எல்லா இடத்திலும் பேனா வாங்கித் திருப்பித் தராத ஒருவர் இருப்பார். வாட்டில் அந்த ஒருவர் நானாகவும் இருந்திருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய் உடுப்பைக் கழற்றினால் பையில் நாலு பேனா இருக்கும், ஒன்றும் என்னுடையது இல்லை. சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். எங்களோடு ஒரு பிள்ளை வேலை செய்தாள், நல்ல பிள்ளை, ஆனால் எங்கள் திருகோணமலைக் கோட்டைக்குள் நிற்கிற மான் மாதிரி, யார் பார்சலைப் பிரித்தாலும் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்பாள். மானுக்குக் கொடுக்காமல் சாப்பிட மனம் வருமா? கொடுத்துவிடுவோம். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற எரிச்சல்.

எனக்குச் சிரிக்க வராத ஒன்று இருக்கிறது. வெறும் டப்பாவைத் திரும்ப எடுத்த இடத்தில் வைப்பது. உங்கள் வீட்டில் சீனிப் போத்தலில் ஒரு கரண்டிகூட இல்லாமல் மூடி வைத்திருப்பார்களே, அதேதான். வீட்டில் என்றால் தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடிக்கலாம், அல்லது ஒரு பொடியனைக் கடைக்கு அனுப்பலாம். வாட்டில் இரவு மூன்று மணிக்கு எந்தக் கடை?

ஒரு இரவு டியூட்டி. எங்கள் கணக்கில் காலை என்றால் 7 மணியில் இருந்து பகல் 1 மணி, பின்னேரம் 1 மணியில் இருந்து 7 மணி, இரவு என்றால் 7 மணியில் இருந்து விடிய 7 மணி வரை, பன்னிரண்டு மணித்தியாலம். மூன்று மணி கடந்திருக்கும். மூதூர்ப் பக்கத்து ஐயா ஒருவர், சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவர், இரவுச் சாப்பாட்டை இரண்டு வாயோடு தள்ளி வைத்திருக்கிறார், அதை யாரும் கவனிக்கவில்லை. நான் ரோச்சை அடித்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் பார்த்து வருகிறேன், இவருடைய விரிப்பைத் தொட்டால் கடலுக்குள் முக்கி எடுத்த மாதிரி ஈரம். உடம்பு சில்லென்று இருக்கிறது. "ஐயா, ஐயா" என்று தட்டினால் என்னை வேறு ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வலையை இழுக்கச் சொல்கிறார். சீனி இறங்கிவிட்டது என்று பார்த்தவுடனே தெரிகிறது. குருதியில் 70-க்குக் கீழே போனாலே குறைவுதான், இவர் அதை விட்டு எவ்வளவோ கீழே போயிருக்க வேண்டும்.

சீனி பார்க்கிற குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு, அதில் செருகுகிற ஸ்ட்ரிப் இருக்கும் டப்பாவைத் தூக்கினேன். தூக்கும்போதே கை சொல்லிவிட்டது. ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. மூடி மட்டும் மிக ஒழுங்காக, இறுக்கி மூடியிருந்தது. அந்த மூடியைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ஸ்ட்ரிப் ஈரம் படாமல் இருக்க வேண்டும் என்று மூடச் சொல்லித் தந்திருக்கிறார்கள், கடைசியாக எடுத்த பிள்ளையும் மூடியிருக்கிறாள். உள்ளே ஒன்றும் இல்லாத டப்பாவை!

டொக்டருக்குப் போன் எடுத்துவிட்டு, அட்டெண்டன் தம்பியைப் பக்கத்து வாட்டுக்கு ஓடச் சொன்னேன். அவர் ஓடிப் போய் டப்பாவோடு ஓடி வந்தார். கூடவே ஒரு செய்தியும் வந்தது: "மிஸ் சொன்னவ, எண்ணித்தான் தந்திருக்காம், மிச்சத்தைத் திருப்பித் தரட்டாம்." கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தால் 34. அதற்குள் டொக்டரும் வந்துவிட்டார், 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், சீனிக் கரைசல்தான், நரம்பில் போனது. கொஞ்ச நேரத்தில் ஐயா கண்ணைத் திறந்து, சுற்றிப் பார்த்து, "என்ன பிள்ளை எல்லாரும் நிக்கிறீங்க, விடிஞ்சிட்டா?" என்றார். நான் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், கால் நடுங்குகிறது.

காலையில் விசாரணை. முந்தின இரண்டு நாளும் டியூட்டி செய்த எல்லாரையும் கேட்டாயிற்று. எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "நான் எடுக்கேக்க ரெண்டு இருந்தது." எட்டுப் பேர் எடுத்திருக்கிறார்கள், எட்டுப் பேர் எடுக்கும்போதும் இரண்டு இருந்திருக்கிறது. மணிமேகலையின் அட்சய பாத்திரம் எங்கள் வாட்டில்தான் இருந்திருக்கிறது போல.

வாட்டுக்குப் பொறுப்பான எங்கள் சிஸ்டர் கத்தவில்லை. அந்த வெறும் டப்பாவின் மூடியைக் கழற்றிவிட்டு, கோஸ் துணியில் ஒரு கயிறு திரித்து, எங்கள் மேசைக்கு மேலே இருந்த ஆணியில் தொங்கவிட்டார். ஒன்றும் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தோம். இரண்டு நாள் கழித்து, நோயாளி பார்க்க வந்த ஒரு உம்மா அதைக் கோயில் உண்டியல், பள்ளிவாசல் உண்டியல் மாதிரி ஏதோ என்று நினைத்து, ஒரு 20 ரூபாய்த் தாளைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு டப்பாவை முடித்துவிட்டு வாங்கி வைக்காதவர் அதற்குள் 20 ரூபாய் போட வேண்டும் என்று ஒரு சட்டம் தானாக வந்தது. அந்தக் காசில் தேத்தண்ணி குடித்திருக்கிறோம். நானும் போட்டிருக்கிறேன், பிளாஸ்ரர் றோலின் அட்டை வளையத்தை மட்டும் தட்டில் விட்டுவிட்டுப் போனதற்கு.

ஏன் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், எனக்கு எரிச்சல் தந்த மற்ற எல்லாவற்றையும் பின்னால் யோசித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் இந்த டப்பாவாகத்தான் இருந்தன. நேரம் பிந்தி வருவதையே எடுங்கள். ஏழு மணிக்கு வர வேண்டியவர் ஏழரைக்கு வந்தால், பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற ஒருத்தியிடம் இருந்து அந்த அரை மணித்தியாலத்தை எடுத்துக்கொள்கிறார். கிண்ணியாத் துறையில் பாதை, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவை, ஓடிய காலத்தில், "பாதை பிந்திட்டுது" என்றால் யாரும் ஒன்றும் பேச முடியாது, நியாயம்தான், தண்ணீருக்கு மேலே நடந்தா வர முடியும்? 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர், நாட்டிலேயே நீளமான பாலம் என்று எல்லாருக்கும் பெருமை. பாலம் திறந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஒருவர் எங்களிடம் பழக்கதோஷத்தில் "பாதை பிந்திட்டுது" என்று சொன்னார். சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வந்த பிறகு ஹாண்ட் ஓவர். டியூட்டியைப் பாரம் கொடுக்கிறபோது ஒவ்வொரு கட்டிலாகச் சொல்ல வேண்டும், இவருக்கு இது நடந்தது, இவர் சாப்பிடவில்லை, இவருக்கு எட்டு மணிக்கு இது செய்ய வேண்டும் என்று. சிலர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "எல்லாம் நேத்து மாதிரித்தான், விசேஷமா ஒண்டும் இல்லை" என்பார்கள். அன்றைக்கு அந்த மூதூர் ஐயாவைப் பற்றி எனக்குச் சொன்னதும் அதுதான். அவர் சாப்பிடாமல் தட்டைத் தள்ளியதை ஒருவர் என் காதில் போட்டிருந்தால் நான் ஒன்பது மணிக்கே ஒரு கப் பால் கரைத்துக் கொடுத்திருப்பேன். விசேஷமாக ஒன்றும் இல்லை என்கிற பேச்சும் மூடி இறுக்கிய வெறும் டப்பாதான்.

அப்புறம் மருந்து ட்ரொலி. இது உங்களுக்கும் சேர்த்து, வாட்டுக்கு ஆள் பார்க்க வருகிறவர்களுக்கும். நாங்கள் மருந்து எண்ணிக் கொடுக்கிற நேரத்தில், "மிஸ், அந்தத் திறப்பு எங்க?", "அக்கா, நாளைக்கு டியூட்டி மாத்துவீங்களா?", "மிஸி, பேன் சுத்தேல்ல." சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 தாதியரைப் பின்னால் நின்று கவனித்து 2010-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மருந்து கொடுக்கும்போது வருகிற ஒவ்வொரு குறுக்கீட்டோடும் மருந்துப் பிழைகள் ஏறத்தாழ 12 சதவீதம் கூடியிருந்தன. அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆறு குளிசையில் நாலாவதை எண்ணும்போது திறப்பைக் கேட்டால் நீங்களும் ஒன்றில் இருந்துதான் திரும்ப எண்ணுவீர்கள். திரும்ப எண்ணாதவரைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

டியூட்டி மாற்றுவதில் எங்கள் ஊருக்கு ஒரு அழகு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நோன்புக் காலத்தில் பின்னேர டியூட்டியில் முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு திறக்கிற அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் அவர்களுடைய கட்டில்களையும் பார்ப்போம், எங்களுக்குக் கஞ்சி வந்துவிடும். பொங்கலுக்கு அவர்கள் நிற்பார்கள், வெசாக்குக்குச் சிங்களப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் எல்லாரும் நிற்போம். எரிச்சல் எங்கே என்றால், எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு தன் முறை வரும்போது காய்ச்சல் வருகிற ஒருவரிடம். பிறகு, மூன்று பேர் நிற்கிற இடத்தில் மூன்றாவது ஆளுக்கு விளங்காத மொழியில் இரண்டு பேர் சிரித்துச் சிரித்துக் கதைப்பது. தமிழிலும் செய்கிறோம், சிங்களத்திலும் செய்கிறார்கள். எனக்குச் சிங்களம் வராத முதல் வருடத்தில், அவர்கள் மீன் விலையைப் பற்றிக் கதைத்தாலும் என்னைப் பற்றித்தான் என்று நினைத்து நினைத்து எனக்கு நித்திரை கெட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமா? நான் வந்ததே இனிச் சொல்லப் போவதற்காகத்தான், அதை முதலில் வைத்திருக்க வேண்டும், சரி. மூத்தவர்கள் புதுப் பிள்ளைகளை நோயாளிக்கு முன்னால் வைத்து ஏசுவது. இது பேனா இல்லை, பார்சல் இல்லை. பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளையை, கட்டுப் போட்டது சரியில்லை என்று பத்துக் கட்டிலுக்குக் கேட்க நான் ஏசினேன். ஆமாம், நான்தான். அடுத்த நாள் ஒரு அம்மாவுக்குப் பிரஷர் இறங்கியதை அவள் அளந்து, எழுதி வைத்துவிட்டு, என்னிடம் சொல்லப் பயந்து அரை மணித்தியாலம் சுவரோடு நின்றிருக்கிறாள். டொக்டர் ரவுண்ட்ஸில்தான் கண்டுபிடித்தார். நல்லகாலம், அம்மா தப்பினார். எட்டுப் பேருடைய டப்பாவைப் பற்றி இவ்வளவு நேரம் கதைத்தேன், என்னுடையதற்கு இரண்டு நிமிடம்தான் கிடைத்திருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று வாரம் போனது, அதைப் பற்றி...

ஒரு விரல். சரி தம்பி, சரி. நேயர்களே, நேரம் முடிந்துவிட்டது, மிச்சத்தை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம். தம்பி, குறிப்பு எழுத என்று எனக்கொரு நீலப் பேனா தந்தீர்களே, மேசையில் காணவில்லை, பொறுங்கள், என் கைப்பையைப் பார்க்கிறேன்.