பதின்மூன்றாவது ரவுண்ட்: கணினி நடத்திய குத்துச்சண்டைகள்

நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கா, கனடா, ஐரோப்பா என்று ஏறக்குறைய 1,500 தியேட்டர்களில் ஒரு குத்துச்சண்டைப் படம் ஓடியது. ரிங்கில் ஒரு பக்கம் முகமது அலி, மறுபக்கம் ராக்கி மார்சியானோ. அதுவரை தொழில்முறைச் சண்டையில் இருவருமே தோற்றதில்லை. பதின்மூன்றாவது ரவுண்டில் அலி விழுந்தார். நடுவர் பத்து வரை எண்ணி முடித்தார்.

இப்படி ஒரு சண்டை நடக்கவே இல்லை. முடிவைச் சொன்னது ஒரு கணினி. ஜெயித்ததாகக் காட்டப்பட்ட மார்சியானோ படம் வெளிவரும்போது உயிரோடும் இல்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று, தன் 46ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அயோவா மாநிலத்தில் ஒரு சிறிய விமானம் விழுந்து இறந்துபோயிருந்தார்.

இதற்குப் பின்னால் இருந்தவர் மர்ரி வோரோனர் என்ற மயாமி வானொலித் தயாரிப்பாளர். 1967இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களையும் மோதவிட்டால் யார் ஜெயிப்பார்? டீக்கடைப் பேச்சுதான். அவர் அதைக் கணினியிடம் கொண்டுபோனார். 16 வீரர்களின் விவரங்களை என்.சி.ஆர். 315 என்ற இயந்திரத்துக்குள் செலுத்தி, அது தந்த முடிவுகளை நேரடி வர்ணனை போல வானொலியில் ஒலிபரப்பினார். இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்சியை மார்சியானோ வீழ்த்தினார். அதுவும் பதின்மூன்றாவது ரவுண்டில்தான். இந்தப் பதின்மூன்றைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே தொடரில் அலியை ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்க வைத்தது கணினி. ஜெஃப்ரீஸ் யார்? தான் சாம்பியனாக இருந்தவரை, ஜாக் ஜான்சன் கறுப்பர் என்பதற்காகவே அவரோடு மோத மறுத்தவர். கடைசியில் 1910இல் ரீனோ நகரில் மோதி, அதே ஜான்சனிடம் 15ஆவது ரவுண்டில் தோற்றவர். அலிக்குக் கோபம் வந்ததில் என்ன ஆச்சரியம்? பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது. அந்தச் சமரசத்திலிருந்து பிறந்ததுதான் நான் முதலில் சொன்ன படம்.

படம் எடுத்த விதமே தனிக் கதை. மார்சியானோவுக்கு 45 வயது. 1956இலேயே ஓய்வு பெற்றுவிட்டவர், இதற்காக 20 கிலோவுக்கு மேல் இளைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். ராணுவத்தில் சேர மறுத்ததால் பட்டமும் லைசன்ஸும் பறிபோன அலிக்குப் பணம் தேவைப்பட்டது. மயாமி ஸ்டூடியோவில் ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்கு மேல் எடுத்தார்கள். முடிவையும் பல விதமாக எடுத்து வைத்தார்கள். எந்த முடிவு திரைக்கு வரும் என்று இருவருக்குமே சொல்லவில்லை. நடுவில் அலி நேராக நீட்டிய ஜாப் குத்து ஒன்று மார்சியானோவின் விக்கைத் தட்டிவிட, படப்பிடிப்பை நிறுத்தி ஒட்டவைத்தார்களாம். படத்தில் எனக்குப் பிடித்த காட்சி எதுவென்றால், வெட்டியெறியப்பட்ட இந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

சரி, அந்தக் கணினிக்குள் என்ன போட்டார்கள்? பழைய சண்டைகளின் விவரங்கள். கூடவே சுமார் 250 நிபுணர்கள், பத்திரிகையாளர்களிடம் வாங்கிய மதிப்பீடுகள். அரிசியில் கல் இருந்தால் சோற்றிலும் கல்தான். அன்றைய பத்திரிகையாளர்களில் பலருக்கு அலியைக் கண்டாலே ஆகாது. அந்த மனத்தாங்கல் எண்ணாக மாறி உள்ளே போனால், வெளியே வரும்போது அறிவியலாகத் தெரியும். இயந்திரத்தை, கறுப்பர்கள் மீதான இனவெறிக்குப் பேர்போன அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி கிண்டலடித்தார். கிண்டல் என்றாலும் அடி சரியான இடத்தில் விழுந்தது.

ஆனால் எல்லாப் பழியையும் வெறுப்பின் மேல் போடுவதும் சரியில்லை. நல்ல மனதோடு செய்திருந்தாலும் 1969இல் அலியைச் சரியாகக் கணக்கிட்டிருக்க முடியாது. இந்த மாதிரிப் போட்டிகளில் ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியாக எண் தருவார்கள்: குத்தின் பலம், வேகம், தற்காப்பு, மூச்சு, அடி தாங்கும் திறன். அடி தாங்கும் திறனுக்கு அலியிடம் அதுவரை என்ன ஆதாரம் இருந்தது? பெரும்பாலும் யாராலும் அவரைச் சரியாக அடிக்க முடிந்ததில்லை. 1962இல் சோனி பேங்க்ஸும் 1963இல் ஹென்றி கூப்பரும் ஆளுக்கொரு முறை கீழே தள்ளியிருந்தார்கள். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் தாடை பலவீனம் என்றுதான் படும். 1971இல் ஜோ ஃபிரேசியர் இடது கையை வளைத்து விட்ட ஹூக் குத்தில் விழுந்து உடனே எழுந்த அலியை அந்தக் கணினி பார்த்ததில்லை. 1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் கயிற்றில் சாய்ந்தபடி, அன்றைய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளை வாங்கிக்கொண்டே இருந்த அலியையும் பார்த்ததில்லை.

இதனால்தான் “அலிக்குத் தடை விதிக்காமல் இருந்திருந்தால்?” என்று அவர் வாழ்க்கையை மறுபடி ஓட்டிப் பார்ப்பவர்களிடம் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1967 மார்ச்சில் ஸோரா ஃபாலியை வீழ்த்திய பிறகு 1970 அக்டோபர் வரை அவர் ரிங்கில் இல்லை. அந்த இடைவெளியில் உலகக் குத்துச்சண்டைச் சங்கம் தேர்வுப் போட்டி வைத்து ஜிம்மி எல்லிஸைச் சாம்பியனாக்கியது. பின்னாளில், 1980இல், அலியோடு சென்னைக்கு வந்து காட்சிச் சண்டை போட்டாரே, அதே எல்லிஸ்தான். அந்த மூன்றரை வருடத்தை நிரப்புவது சுலபம். ஃபிரேசியரோடு 1968இலேயே மோதவிடலாம். ஆனால் அடி தாங்கும் திறனுக்கு எங்கிருந்து எண் எடுப்பீர்கள்? அது வெளியே தெரிந்ததே, தடைக்குப் பிறகு கால் வேகம் குறைந்து, அடிவாங்கியே ஆகவேண்டிய நிலை வந்ததால்தான். தடையை அழித்தால் அந்த ஆதாரமும் அழிந்துபோகிறது.

அப்படியானால் இந்த விளையாட்டே வீணா? இல்லை. நான் இதன் ரசிகன். இப்படிக் கற்பனைச் சண்டைகளைக் கார்டும் தாயக்கட்டையும் வைத்து ஆடிய காலத்திலிருந்து இன்றைய கணினி நிரல்கள் வரை பல தலைமுறை வந்துவிட்டது. வோரோனரிடம் எனக்குள்ள குறையெல்லாம், அவர் ஒரே ஒரு சண்டையைக் காட்டி “இதுதான் முடிவு” என்றது. அதே சண்டையை ஆயிரம் முறை ஓட்டினால்தான் விஷயமே தெரிய ஆரம்பிக்கும். 1990இல் டோக்கியோவில் மைக் டைசனை பஸ்டர் டக்ளஸ் வீழ்த்துவதற்கு முன் பந்தயக்காரர்கள் வைத்த விலை 42க்கு 1. நூறு முறை மோதினால் இரண்டு முறை டக்ளஸ் ஜெயிப்பார் என்று அதற்கு அர்த்தம். நாம் பார்த்தது அந்த இரண்டில் ஒன்றை. டைசனுக்கு 98 வெற்றி தரும் நிரல் தப்பான நிரல் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இதே கண்ணோடு மார்சியானோவின் 49-0ஐப் பாருங்கள்: 49 சண்டை, 49 வெற்றி, தோல்வியே இல்லை. ஒவ்வொரு சண்டையிலும் அவர் ஜெயிக்க நூற்றுக்கு 95 வாய்ப்பு என்று வையுங்கள். யாருக்கும் தாராளமான மதிப்பீடுதான். 0.95ஐ 49 முறை பெருக்கினால் கிடைப்பது 0.08. அதாவது அவர் வாழ்க்கையை நூறு முறை ஓட்டினால் 92 முறை எங்காவது ஒரு தோல்வி வந்துவிடும். 98 வாய்ப்பு என்று உயர்த்தினாலும் தோல்வியே இல்லாத வாழ்க்கை 37 முறைதான். லாரி ஹோம்ஸ் 48-0 வரை வந்து, 1985இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். 49க்கும் 48க்கும் நடுவில் திறமை மட்டுமே நிற்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

மார்சியானோ பட்டம் வென்ற இரவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. முதல் ரவுண்டிலேயே ஜெர்சி ஜோ வால்காட் அவரைக் கீழே தள்ளினார். 12 ரவுண்ட் முடிந்தபோது மூன்று நடுவர்களின் மதிப்பெண் அட்டையிலும் வால்காட்தான் முன்னே. அடுத்த ரவுண்டில் மார்சியானோவின் ஒரே ஒரு வலது கை. எண்ணிக்கை முடிகிறவரை வால்காட் எழவில்லை. ஆமாம், அதுவும் பதின்மூன்றாவது ரவுண்ட்தான். அன்று பட்டச் சண்டைக்கு 15 ரவுண்ட். 1982இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ சண்டையில் பட்ட அடியால் இறந்த பிறகு அது 12 ஆகக் குறைந்தது. இன்றைய விதியைப் போட்டு அந்த இரவை ஓட்டினால் வால்காட் பாயிண்டில் ஜெயித்துப் பட்டத்தோடு வீட்டுக்குப் போகிறார். 49-0 என்ற பேச்சே இருக்காது. கணினியிடம் எந்தக் காலத்து விதியைக் கொடுக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு போய்விடுகிறது.

கடைசியாக ஒன்று. நடக்க விடாமல் தடுக்கப்பட்ட சண்டைகள் இருக்கின்றன. 1920களில் சாம்பியன் டெம்ப்சிக்கு முன்னணிச் சவாலாக நின்றவர் ஹாரி வில்ஸ். கறுப்பர். பேச்சு நடந்தது, ஒப்பந்தமும் வந்தது, சண்டை வரவில்லை. 1926இல் டெம்ப்சி மோதித் தோற்றது ஜீன் டன்னியிடம். நடக்காத அந்த டெம்ப்சி-வில்ஸ் சண்டையைத்தான் கணினியில் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் கறுப்பு வீரர்களைத் தங்களுக்குள்ளேயே மோதவிட்ட காலம் அது. சாம் லாங்ஃபோர்டோடு மட்டும் வில்ஸ் பத்து முறைக்கு மேல் மோதியிருக்கிறார். கலக்காத இரண்டு கூட்டங்களை ஒரே அளவுகோலில் நிறுத்த வேண்டுமானால், இரு பக்கமும் சண்டையிட்டவர்கள் வேண்டும். அப்படிக் கிடைப்பவர்களில் முக்கியமானவர்கள் ஃப்ரெட் ஃபுல்டனும் லூயிஸ் ஃபிர்ப்போவும். ஃபுல்டனை டெம்ப்சி அரை நிமிடத்துக்குள் சாய்த்தார். வில்ஸுக்கு மூன்று ரவுண்ட் ஆனது. ஃபிர்ப்போவை டெம்ப்சி இரண்டாவது ரவுண்டில் முடித்தார்; வில்ஸோடு ஃபிர்ப்போ 12 ரவுண்டும் நின்றார்.

இதை மட்டும் கொடுத்தால் எந்த நிரலும் டெம்ப்சி என்றுதான் சொல்லும். அந்த வழியில் யோசிப்பவர்கள் 1974ஐயும் கொஞ்சம் பார்க்கவேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு அலியின் தாடையை உடைத்து அவரைத் தோற்கடித்தவர் கென் நார்ட்டன். அந்த நார்ட்டனை 1974 மார்ச்சில் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் முடித்தார். அலியை வென்ற ஃபிரேசியரையும் அதற்கு முன்பே ஆறு முறை கீழே தள்ளி, அதே இரண்டு ரவுண்டில் முடித்திருந்தார். பொதுவான எதிரிகளை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் கின்ஷாசாவில் ஃபோர்மன் பக்கம் நின்றார்கள். எட்டாவது ரவுண்டில் விழுந்தவர் ஃபோர்மன்.