கை மரத்தால் காலம் தாழ்த்தாதீர்கள்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும், முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கும் பெண்களும் எலும்பு மருத்துவரான என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை இது: "ராத்திரி கை மரத்துத் தூக்கம் கலைகிறது டாக்டர். உதறினால்தான் உணர்வு வருகிறது." உடனே நான் கேட்பது சுண்டுவிரலைப் பற்றித்தான். கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரை மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பியிருந்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கிறது என்றே முதலில் சந்தேகிப்பேன்.

மணிக்கட்டில் எலும்புகளுக்கும் குறுக்கே ஓடும் கெட்டியான நாருக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று உண்டு. தசையை எலும்போடு இணைத்து விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. தசைநாண்களின் உறை தடித்தால் நசுங்குவது நரம்பு. ஓயாமல் கையை மடக்கிச் செய்யும் வேலை இதற்கு ஒரு காரணம். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்ப காலம் ஆகியவையும் காரணமாகலாம்.

தொடக்கத்தில், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொண்டு தூங்கினாலே பலருக்குக் குணம் தெரியும். வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசியா பட்டையா என்று பிரிட்டனில் 234 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறாவது வாரத்தில் ஊசி முந்தியது. ஆறாவது மாதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வலியால் தூக்கமே இல்லாதவருக்கு ஊசி போடுவேன், மற்றவருக்குப் பட்டையில் தொடங்குவேன்.

ஆனால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றி, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறவர் தைலம் தேய்த்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஓட்டக் கூடாது. கையை மட்டும் மரக்கவைத்து, அந்த நாரை வெட்டிவிடும் சிறிய அறுவைச் சிகிச்சை போதும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். வற்றிப்போன சதை முழுதாகத் திரும்பும் என்று மட்டும் என்னால் வாக்குத் தர முடியாது.

முழங்கால் தேய்மானத்தின் கதை வேறு; அங்கே தேய்வது, எலும்பு முனைகளை மெத்தைபோல் மூடியிருக்கும் குருத்தெலும்பு. அதற்கு ரத்தக் குழாய் இல்லை. அழிந்தால் மீளாது என்று உடற்கூறு மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1743-இலேயே எழுதினார். சொந்த ரத்தத்திலிருந்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பிரித்து முழங்காலில் செலுத்தும் ஊசிக்காக நகையை அடகு வைப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஆஸ்திரேலியாவில் மூட்டுத் தேய்மானம் உள்ள 288 பேருக்கு, சிலருக்கு அந்த ஊசியும் சிலருக்கு வெறும் உப்பு நீரும் போட்டார்கள். ஓராண்டுக்குப் பின், வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இது 2021-இல் வெளியான முடிவு. ஸ்வீடனில் 1994-இல் அறிவித்த குருத்தெலும்புச் செல் வளர்ப்பு முறையோ, அடிபட்டு ஓரிடத்தில் மட்டும் குருத்தெலும்பு பெயர்ந்துபோன இளவயதினருக்கானது. தேய்ந்த முழங்காலுக்கு உரியது அல்ல.

தேய்மானம் உள்ளவர்கள் எடையைக் குறையுங்கள், தொடைத் தசையை வலுவாக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். தொடைமேல் கையை வைத்தால் சதை இறுகுவது தெரிய வேண்டும். பத்து முறை செய்த பிறகு அடுத்த காலுக்கு மாறுங்கள்.

நன்றி, வணக்கம்.