பனி மூட்டத்துக்குள்ள தக்காளி: நமக்கு வெளிச்சம் ஜன்னல்ல இல்ல, கூரையில

வணக்கம் வணக்கம் எல்லாருக்கும், நான் பேசுறது கேக்குதான்னு தெரியல, தகரத்துல மழை கொட்டுது, இந்த சத்தம் இன்னைக்கு முழுக்க இப்பிடித்தான் இருக்கும் அதனால கொஞ்சம் சவுண்ட கூட்டி வச்சிக்கிட்டு பாருங்க.

நெறைய பேர் கேட்டது இதுதான், அக்கா நீங்க இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் இருந்துகிட்டு, மே மாசம் முடிய ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் சூரியனையே ஒழுங்கா பாக்காத ஊர்ல, வீட்டுக்குள்ள எப்பிடி தக்காளி காய்க்க வைக்கிறீங்கன்னு. இந்தா பாருங்க, இதுதான் நம்ம இஸ்தோப்பு, அதான் வீட்டு முன் திண்ணை, ஓரமா ரெண்டு பலகை, நாத்து வச்ச யோகட் கப்பு எல்லாம் தோட்டத்துல காலைல பேர் குடுக்க பெரட்டுக்கு நிக்கிற மாதிரி வரிசையா நிக்குது, இந்தப் பக்கம் காய் பிடிச்ச செடி மூணு. அவ்வளவுதான் நம்ம தோட்டம்.

சரி, முதல்ல வெளிச்சம். யூடியூப்ல வெள்ளக்காரங்க வீடியோ பாத்தா எல்லாரும் ஒண்ணத்தான் சொல்லுவாங்க, தெற்கு பாத்த ஜன்னல்ல வைங்கன்னு. அது அவங்க ஊருக்கு சரி, அங்க சூரியன் வருஷம் முழுக்க தெக்குப் பக்கமா சாஞ்சுதான் போகும். நம்ம இருக்கிறது பூமத்திய ரேகைக்கு பக்கத்துல, வடக்கே 7 டிகிரி. ஏப்ரல் முதல் கிழமை கிட்டயும் செப்டம்பர் முதல் கிழமை கிட்டயும் மத்தியானம் சூரியன் நேரா நம்ம உச்சந்தலைக்கு மேல நிக்கும். ஜூன் ஜூலைல வடக்குப் பக்கம் கொஞ்சம் சாயும், டிசம்பர்ல தெக்குப் பக்கம். அப்ப மழைக்காலத்துல, அதாவது வெளிச்சம் ரொம்ப தேவைப்படுற அந்த நேரத்துல, தெற்கு ஜன்னல்ல செடி வச்சா அதுக்கு நேர் வெயிலே விழாது. வடக்குல வச்சாலும் மத்தியானம் சூரியன் ரொம்ப உசரத்துல நிக்கிறதால நம்ம கூரை தாவாரமே அத மறைச்சிரும். ஜன்னலுக்குள்ள வெயில் வர்றது காலைலயும் பொழுது சாயுற நேரத்துலயும் மட்டும்தான். அதுலயும் நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேல மூட்டம் கட்டிக்கிறது வழக்கம், அதனால ஜன்னல்னா கிழக்கு ஜன்னல், வேற யோசிக்கவே வேணாம்.

ஆனா எத்தனை பேருக்கு கிழக்கு ஜன்னல் இருக்கு சொல்லுங்க. முதுகுக்கு முதுகா வரிசையா கட்டுன தோட்டத்து வீட்டுல, அதான் லயத்துல, ஒரு பக்கம்தான் வாசல், அது எந்தப் பக்கம் பாக்குதோ அதுதான் நம்ம விதி. அதனாலதான் நான் சொல்றேன், நமக்கு வெளிச்சம் மேல இருக்கு. இஸ்தோப்புல ஒரு தகரத்த கழட்டிட்டு அந்த எடத்துல வெளிச்சம் வர்ற மாதிரி பிளாஸ்டிக் சீட் ஒண்ணு போட்டா, பனி நாள்ல கூட ஜன்னல்ல வர்றத விட பல மடங்கு வெளிச்சம் கீழ விழும், ஏன்னா மூட்டம் போட்ட நாள்ல வானம் மொத்தமுமே ஒரு வெள்ளை விளக்குதான, அதோட பெரிய பங்கு நமக்கு மேலதான இருக்கு. லயத்துக் கூரையில கை வைக்கிறதுன்னா தோட்டத்து ஆபீஸ்ல கேக்கணும், அது தனி கதை, அதுக்குள்ள நான் போகல. சொந்த வீடு கட்டிக்கிட்டவங்க யோசிக்காம போடுங்க. போட்டதுக்கு அப்புறம் மாசம் ஒருக்கா ஏறி கழுவணும், நம்ம ஈரத்துக்கு பாசி பிடிச்சு பச்சையாயிரும், அப்புறம் தகரத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் இருக்காது.

வெளிச்சம் எவ்வளவு இருக்குன்னு கண்ண நம்பாதீங்க, கண்ணு சுத்தமா ஏமாத்தும். போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் ஒண்ணு இறக்கிக்கங்க, லக்ஸ்னா வெளிச்சத்த அளக்கிற அளவு, துல்லியமா இல்லாட்டியும் பரவால்ல, ஒரு எடத்தையும் இன்னொரு எடத்தையும் ஒப்பிட போதும். நல்ல வெயில்ல வெளிய ஒரு லட்சம் லக்ஸ் கிட்ட காட்டும், அடர்த்தியா மூட்டம் போட்டா பத்தாயிரம் கூட வராது, காம்பராக்குள்ள, அதான் அறைக்குள்ள, நடுவுல வச்சு பாருங்க 200, 300ன்னு நிக்கும். நமக்கு அது புத்தகம் வாசிக்க போதும், தக்காளிக்கு அது இருட்டு. நாத்துக்கு பத்தாயிரத்துக்கு மேலயாவது வேணும், காய்க்கிற செடிக்கு இருபதாயிரம் தாண்டுனா சந்தோஷம், அதுவும் ஏதோ ஒரு மணித்தியாலம் இல்ல, 14 மணித்தியாலம் கிட்ட.

அதனால பல்ப் வேணும். ஊதா கலர்ல எரியுற அந்த விலை கூடின செடி லைட் எல்லாம் வேணாம், அது வேலை செய்யாதுன்னு சொல்லல, செய்யும், ஆனா அதுக்கு கீழ இலை மஞ்சளா பச்சையான்னே தெரியாது, நோய் வந்தா கண்டுபிடிக்க முடியாது. சாதாரண வெள்ளை எல்இடி பல்ப், பெட்டில 6500 கெல்வின்னு போட்டிருக்கும், அது வெளிச்சத்தோட நிறத்துக்கான அளவு, டேலைட்னு கேட்டா கடைல தருவாங்க, 12 வாட் ரெண்டு. பழைய குண்டு பல்ப் போட்டுறாதீங்க, அது கரண்ட்டுல பெரும்பாகத்த சூடாத்தான் மாத்தும். நாத்துக்கு மேல ஒரு சாண் உசரத்துக்கு உள்ள தொங்கணும். தூரம்தான் இங்க எல்லாமே, தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசியாயிரும், உத்தரத்துல எரியுற பல்ப் செடிக்கு ஒண்ணுக்கும் உதவாது. சுத்திவர பால் பவுடர் பாக்கெட்ட வெட்டி பளபளன்னு இருக்கிற உள்பக்கம் தெரியுற மாதிரி ஒட்டுங்க, இல்ல டிவி வந்த பெட்டில இருக்கிற வெள்ளை ரிஜிஃபோம், அதான் தெர்மாகோல், வைங்க, பக்கத்துல சிந்திப் போற வெளிச்சம் திரும்ப செடிக்கே வரும். அப்பிடி வச்சாலும் ரெண்டு பல்புக்கு கீழ ஒரு சதுர அடி சொச்சத்துக்குத்தான் ஒழுங்கான வெளிச்சம் கிடைக்கும், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.

கரண்ட் பில் பத்தி கேப்பீங்க, எனக்கு தெரியும். 24 வாட், 14 மணித்தியாலம், ஒரு நாளைக்கு ஒரு யுனிட்ல மூணுல ஒரு பங்கு, மாசத்துக்கு பத்து யுனிட் வரும். பத்து யுனிட்தானன்னு விடாதீங்க, நம்ம நாட்டுல யுனிட் கூடக்கூட ரேட்டும் ஏறும், 30, 60, 90ன்னு படி இருக்கு, நீங்க 58ல நிக்கிற வீடுன்னா அந்தப் பத்து உங்கள அடுத்த படிக்கு தூக்கிரும். அதனால நான் வெளிச்சமான நாள்ல விடியக்காலைலயும் பொழுது போனதுக்கு அப்புறமும் மட்டும் போடுவேன், மூட்டம் போட்ட நாள்ல பூராவும் எரியும். ராத்திரி அணைச்சிரணும், 24 மணித்தியாலமும் வெளிச்சம் குடுத்தா தக்காளி இலை மஞ்சளாகி கெட்டுப் போகும், அதுக்கும் தூக்கம் வேணும்.

வகை. பெரிய காய் காய்க்கிற, ஆளுயரத்துக்கு ஏறுற செடிய வீட்டுக்குள்ள வச்சு மாரடிக்காதீங்க. குட்டை வகை இருக்கு, டைனி டிம், 1945ல அமெரிக்காவுல வந்தது, மைக்ரோ டாம், அது புளோரிடா யுனிவர்சிட்டில உருவாக்குனது, ஒரு சாண் உசரத்துலயே காய்க்கும். விதை விக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, கிடைக்காட்டி செர்ரி தக்காளி போடுங்க, அது ஏறும், ஆனா சின்ன காய்ங்கிறதால கொஞ்ச வெளிச்சத்துலயும் ஏதோ நாலு பழமாவது தரும்.

விதைக்கு வெளிச்சம் தேவையில்ல, சூடுதான் தேவை. 25 டிகிரின்னா ஒரு கிழமைக்குள்ள முளைக்கும், நம்ம 15 டிகிரி குளிர்ல ரெண்டு கிழமை எடுக்கும், அதுக்குள்ள நீங்க பயந்து தோண்டிப் பாப்பீங்க. ஃப்ரிட்ஜ்க்கு மேல வைங்க, அங்க எப்பவும் கொஞ்சம் சூடு இருக்கும். ஆனா தலைய நீட்டுன அன்னைக்கே பல்புக்கு கீழ வந்திரணும், ஒரு நாள் விட்டாலும் வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுன்னு மெலிஞ்சு வளந்து சாஞ்சிரும். அப்பிடி வளந்தத தூக்கிப் போட வேணாம், மாத்தி நடும்போது முதல் இலை வரைக்கும் மண்ணுக்குள்ள பொதைங்க, தக்காளித் தண்டுல இருந்தே வேர் வரும்.

மண்ணு முக்கியம், இது நம்ம ஊருக்கே உள்ள பிரச்சினை. தேயிலை மலைல இருந்து வாரிக்கிட்டு வர்ற மண்ணு தேயிலைக்கு புடிச்ச மண்ணு, புளிப்பு, புளிப்ப அளக்கிற பீஎச் 4.5ல இருந்து 5.5க்குள்ள இருக்கும், நம்பர் குறையக் குறைய புளிப்பு கூட. தக்காளிக்கு 6க்கு மேல வேணும். தேயிலை மலைக்கு போடுற அதே டொலமைட், அதான் சுண்ணாம்புக்கல் தூள், கொஞ்சம் கலந்து ரெண்டு மூணு கிழமை ஊற விடுங்க. நான் போடுறது பாதி தும்புத்தூள், அதான் தேங்காய் நார்த் தூள், பாதி நல்லா மக்குன கம்போஸ்ட், அதுல கைப்பிடி டொலமைட். ஆனா தேயிலைக்கு போடுற உரத்த மட்டும் தொடாதீங்க, அது கொழுந்துக்கான உரம், தழைச்சத்து அள்ளிக் கொட்டியிருக்கும், வெளிச்சம் கம்மியா இருக்கிற செடிக்கு அத போட்டா இலை இலையா வரும், பூ ஒண்ணு வராது.

தண்ணியும் அப்பிடித்தான். வெளிச்சம் கம்மின்னா செடி குடிக்கிறதும் கம்மி. பனிக்காலத்துல தினமும் ஊத்துறதுதான் வீட்டுக்குள்ள தக்காளிய கொல்ற முதல் காரணம்னு நான் நினைக்கிறேன், வெயில் இல்ல, குளிர் இல்ல, நம்ம அன்புதான். விரல வச்சுப் பாருங்க, ஒரு கணு ஆழத்துக்கு காஞ்சிருந்தா ஊத்துங்க. சாடிய சிமெந்து தரைல வைக்காதீங்க, பலகை மேல வைங்க, வேர் குளிர்ந்தா எல்லாம் நின்னு போகும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் உள்ள வளக்கணும்னு எங்கம்மா கேப்பாங்க. காரணம் இருக்கு. நம்ம குளிருக்கும் ஈரத்துக்கும் வெளிய வச்ச தக்காளிக்கு அந்த இலைக்கருகல் வரும், உருளைக்கிழங்குக்கு வர்ற அதே நோய்தான், நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கிழங்கு போடுறவங்களுக்கு அத பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 1845ல அயர்லாந்துல பஞ்சத்துக்கு ஆரம்பம் போட்டதும் இதேதான். அது இலை நனைஞ்சு இருந்தாத்தான் பிடிக்கும். கூரைக்கு கீழ மழை படாது, நீங்களும் இலைல தண்ணி படாம மண்ணுக்கு மட்டும் ஊத்துனா பாதி பயம் போச்சு.

பூ வந்ததும் தட்டி விடணும். ஒரே பூவுல ஆணும் பெண்ணும் இருக்கு, ஆனா மகரந்தம் கொட்டணும்னா அதிர்வு வேணும், வெளிய காத்தும் வண்டும் செய்யும், உள்ள நம்மதான். காலைல ஈரத்துல தட்டுனா ஒட்டிக்கிட்டு கொட்டாது, மத்தியானம் 11, 12 மணிக்கு கொஞ்சம் காஞ்ச நேரமா பாத்து காம்ப விரலால மெதுவா சுண்டுங்க, இந்தா இப்பிடி. ராத்திரி 13 டிகிரிக்கு கீழ போற எடத்துல எவ்வளவு சுண்டுனாலும் காய் பிடிக்கிறது கஷ்டம், அந்த மாசங்கள்ல செடிய உள் காம்பராவுக்கு எடுத்திருங்க.

ஆனா சூடா இருக்கேன்னு விறகு அடுப்பு எரியுற குசினில கொண்டு போய் வைக்காதீங்க. புகைல எத்திலீன்னு ஒரு வாயு இருக்கு, அது பட்டா பூ எல்லாம் கொட்டிரும், இலை கீழ மடங்கிக்கும். வாழைத்தார புகை போட்டு பழுக்க வைப்பாங்க தெரியும்ல, அதே வாயுதான். அதனால குசினிக்கும் ஒரு வேலை இருக்கு, கடைசில. காய் பழுக்க வெளிச்சமே தேவையில்ல, சூடுதான் தேவை. செடில காய் லேசா நிறம் மாறுனதும் பறிச்சு, ஒரு பெட்டில ஒரு வாழைப்பழத்தோட போட்டு குசினில வச்சிருங்க, செடியும் அடுத்த காய பாக்க ஆரம்பிச்சிரும். ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க, நிறம் ஏறாது, ருசியும் போயிரும். சரி, கரண்ட் ஒரு மாதிரி மினுங்குது, போறதுக்குள்ள இத அப்லோட் பண்ணிர்றேன், வர்றேன்.