பிள்ளைக்கா பாடினாள்?

நேயர்களுக்கு வணக்கம்.

'பாசமலர்' பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். 1961-இல் வந்த படம். கதையைச் சொல்லப்போவதில்லை. படமே பார்க்காதவர்கள்கூட, எந்த அண்ணனாவது தங்கைக்கு ஒரு படி கூடுதலாகச் செய்துவிட்டால் "பெரிய பாசமலர்!" என்று கேலி பேசுகிறார்கள். அந்த அளவுக்கு சிவாஜியும் சாவித்திரியும் நம் வீட்டுப் பேச்சுக்குள் புகுந்துவிட்டார்கள்.

படத்தில் எத்தனையோ நல்ல பாட்டு. பாடல்கள் கண்ணதாசன், இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி. ஆனால் எனக்குள்ள நேரத்தில் பெரும்பங்கை ஒரே பாட்டுக்குத் தரப்போகிறேன். 'மலர்ந்தும் மலராத'. டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடியது. அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம், ஆளுக்கொரு குழந்தை. இடையில் மனஸ்தாபம். இரண்டு பேரும் தாலாட்டுகிறார்கள்.

இதைத் தாலாட்டு என்கிறோம். சரி, யாருக்குத் தாலாட்டு?

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தம்பி கைக்குழந்தை. அவனுக்கு வெள்ளி அரைஞாண்கொடி போடுவதாக மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு வந்தது, கொடி வரவில்லை. அம்மா வாய் திறந்து கேட்கவில்லை. கூடப்பிறந்தவனிடம் சீர் கேட்பதா? ஒரு நாள் மாமா வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே தூளியில் தம்பி. அம்மா ஆட்டிக்கொண்டே பாட ஆரம்பித்தாள்: "வெள்ளிக்கொடி வருமின்னு வாசல் பாத்தாயோ... வித்த கடை பூட்டுன்னு மாமன் சொன்னாரோ..." இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாட்டு, நேயர்களே. அந்த நிமிடம் கட்டியது. 'மாமன்' வரும் இடத்தில் மட்டும் குரல் ஒரு பிடி உயரும். மறுபடி பாடுவாள். மறுபடி உயரும். தம்பி எப்போதோ தூங்கிவிட்டான். மாமாவால் பொறுக்க முடியவில்லை. "பிள்ளை தூங்கிருச்சு தாயி, நிறுத்து" என்றார். உள்ளேயிருந்து பதில் வந்தது: "பிள்ளைக்கா பாடுறேன்?"

அடுத்த வாரம் கொடி வந்துவிட்டது. கொஞ்சம் தடிமனாகவே வந்தது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். நம் தாலாட்டில் மாமன் வராத தாலாட்டு அபூர்வம். 'யார் அடிச்சு நீ அழுத' என்று தொடங்கி, 'மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே' என்று போகும். புகுந்த வீட்டுக்குப் போன பெண், பிறந்த வீட்டைப் பற்றிப் பெருமையோ குறையோ பேச அவளுக்கு இருந்த இடம் தொட்டிலடிதான். குழந்தைக்குப் புரியாது, கேட்க வேண்டியவர் காதில் விழும்.

கண்ணதாசன் இந்த மரபை அப்படியே எடுத்துக்கொண்டார். எடுத்து ஒரு காரியம் செய்தார். அண்ணனையும் தொட்டிலடிக்குக் கொண்டுவந்துவிட்டார். கிராமத்துத் தாலாட்டில் மாமன் திண்ணையில் உட்கார்ந்து கேட்பவன். இங்கே அவனும் பாடுகிறான். அத்தை மகளைக் கட்டிக்கொள் என்று குழந்தைக்குச் சொல்கிறான். அந்த அத்தை வீட்டோடுதானே பேச்சுவார்த்தை கசந்து கிடக்கிறது! தாங்கள் பேசிக்கொள்ள முடியாததைப் பிள்ளைகள் தலையில் வைத்துப் பேசுகிறார்கள்.

கடைசியில் சுசீலா வரும் இடத்தைக் கவனியுங்கள். என்னைச் சிறகுக்குள் வைத்து மகள்போல வளர்த்த கதையைச் சொல்லட்டுமா என்று கேட்கிறாள் தங்கை. குழந்தைக்கு எதற்கு அந்தக் கதை? பிள்ளைக்கா பாடுகிறாள்? அந்த இடத்திலும் மெட்டு மாறவில்லை பாருங்கள். தொட்டில் ஆடுகிற அதே நிதானம். இன்னொரு இசையமைப்பாளராக இருந்தால் அங்கே வயலின்களை அழவிட்டிருப்பார். இவர்கள் அழவில்லை, அதனால் நாம் அழுகிறோம்.

இயக்குநர் பீம்சிங்குக்கு அந்த ஒரே ஆண்டில் 'பாவமன்னிப்பு', 'பாலும் பழமும்' என்று இன்னும் இரண்டு படம். மூன்றிலும் சிவாஜி, மூன்றிலும் இதே இசைக் கூட்டணி. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று குறிப்பெல்லாம் எழுதி வந்தேன். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் போலிருக்கிறது.

அப்படியானால் எல்.ஆர். ஈஸ்வரியையாவது சொல்லிவிடுகிறேன். கோரஸில் நின்று பாடிக்கொண்டிருந்த குரல் அது. 'வாராயென் தோழி வாராயோ' வந்தது. அதற்குப் பிறகு ரேடியோ செட் கட்டிய கல்யாண வீடு எதுவும் அந்த ரெக்கார்டு இல்லாமல் விடிந்ததில்லை. பந்தலில் குழாயைக் கட்டி முடித்தவுடன் செட்டுக்காரர் முதலில் தேடியது அதைத்தான். ஆரூர்தாஸ் வசனத்துக்கு... ஒரு விரல்தான் தெரிகிறது. சரி.

'மலர்ந்தும் மலராத' இப்போது ஒலிபரப்பாகும் என்றார்கள். கேளுங்கள். வணக்கம்.