விந்து முந்துதல்: எது நோய், எது வைத்தியம்

சபையில் இருக்கும் சகோதரர்களே,

விந்து முந்துவதை வைத்தியரிடம் கதைக்க வெட்கப்பட்டு, சுவரொட்டியில் கண்ட நம்பருக்குப் போன் எடுப்பவர்கள் மட்டக்களப்பிலும் உண்டு, கல்முனையிலும் உண்டு. லேகியக்காரர் விலை வைப்பது அந்த வெட்கத்துக்குத்தான்.

ஐந்து நாடுகளில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து 2005இல் வெளியான ஆய்வில், உறவு நேரத்தின் நடுமதிப்பு 5.4 நிமிடம். அரை மணித்தியாலம் என்பது ஆபாசப் படங்களின் கணக்கு. முதல் உறவிலிருந்தே சுமார் 1 நிமிடத்துக்குள் வெளியேறுவது, அடக்க முடியாமை, அதனால் மனவேதனை மூன்றும் சேர்ந்தால்தான் நோய். நன்றாக இருந்தவருக்கு 3 நிமிடம் அல்லது அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அது இடையில் வந்த வகை. கட்டாரிலிருந்து இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தவருக்கு முதல் சில இரவுகள் கெதியாய் முடிவது இயல்பு. அதற்கு மருந்து வேண்டாம்.

இடையில் வந்ததென்றால் காரணம் தேட வேண்டும். தைரொயிட் மிகையாய்ச் சுரப்பது, புரோஸ்டேட் அழற்சி, முக்கியமாக விறைப்புக் குறைவு. விறைப்புப் போய்விடுமோ என்ற பயத்திலேயே அவசரப்பட்டு முடிக்கிறார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது விறைப்பை.

இனி பயிற்சி. நிறுத்தித் தொடங்கும் முறையை ஜேம்ஸ் சீமன்ஸ் 1956இல் எழுதினார். தனியே கையால் தூண்டும்போது உணர்ச்சியைப் பத்துப் படியாக நினையுங்கள், பத்து என்றால் விந்து வெளியேறுவது. ஏழில் கையை எடுங்கள். அரை நிமிடம் போல விட்டு, நான்குக்கு இறங்கியதும் திரும்பத் தொடங்குங்கள். மூன்று தரம் நிறுத்தி, நான்காம் தரம் விடலாம். முதலில் வெறுங்கை, பிறகு வழுவழுப்புத் திரவம், பிறகு மனைவியின் கை, கடைசியில்தான் உறவு. அதுவும் மனைவி மேலே, அசையாமல். பிழை விடுவது எங்கே தெரியுமா? ஒன்பதுக்குப் போனபின் நிறுத்தப் பார்ப்பதில். அந்த எல்லை தாண்டினால் யாராலும் தடுக்க முடியாது. வேறு எதையோ நினைத்துக்கொண்டு கிடப்பவருக்கு ஏழு வந்ததே தெரியாது. மூச்சை அடக்குவதும் பிட்டத்தை இறுக்குவதும் இன்னும் கெதியாக்கும். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

மரத்துப்போகச் செய்யும் லிடொகேய்ன், பிரிலொகேய்ன் கலந்த கிறீமை ஆணுறுப்பின் மொட்டில் மெல்லிசாய்ப் பூசி, 20 முதல் 30 நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவுங்கள். கழுவாவிட்டால் மனைவிக்கும் மரத்துப்போகும். கூடுதலாய்ப் பூசினால் விறைப்பே போகும்.

மாத்திரையை வைத்தியர் எழுதித்தர வேண்டும். டபொக்செட்டின் 30 மில்லிகிராம், உறவுக்கு 1 முதல் 3 மணித்தியாலம் முன்பு, ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீருடன், 24 மணித்தியாலத்தில் ஒரு தரம். மதுவோடு சேர்த்தால் மயங்கி விழலாம். இருதய நோயாளிக்கு ஆகாது. பரொக்செட்டின் தினமும் எடுப்பது. பலன் தெரிய ஓரிரு வாரம் செல்லும், திடீரென்று நிறுத்தக் கூடாது. பிள்ளைக்கு முயல்பவர் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். வலிக்குக் கொடுக்கும் டிரமடோலை இதற்காக நீங்களாக விழுங்காதீர்கள், அடிமையாக்கிவிடும்.

ஓபிடி சனத்துக்குள் வாய் திறக்கக் கூச்சமென்றால் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை நிமிடம், எப்போதிருந்து, விறைப்பு எப்படி, இப்போது என்னென்ன மருந்து குடிக்கிறீர்கள்.