செட்டிநாட்டு வீட்டில் ஒரு காக்பிட்: ரெண்டு கம்ப்யூட்டரை ஒண்ணா ஓட்டுறது எப்படி?

(காட்சி: இருட்டான அறை. மூன்று மானிட்டரில் திருச்சி விமான நிலையத்தின் ஓடுபாதை 27. கீழே பிளைவுட் பேனலில் ஆறு வட்ட மீட்டர்கள்.)

வீட்டுக்குள்ளேயே விமானம் ஓட்டிப் பார்க்கிற ஃப்ளைட் சிமுலேட்டருக்காகச் செஞ்ச விமானி அறை, அதாவது காக்பிட் இது. இந்த அறையில ரெண்டு கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கு. முன்னால மூணு திரையில ஓடுபாதை தெரியுதே, அது ஒண்ணு. கீழ பேனல்ல ஆறு முள் ஆடுதே, அது இன்னொண்ணு. ரெண்டையும் சேர்க்கிறது ஒரே ஒரு லேன் கேபிள்.

ரெண்டாவது கம்ப்யூட்டர் சேர்த்தா வெளிக்காட்சி வேலையும் ரெண்டா பிரிஞ்சிடும்னு பலபேர் நினைக்கிறாங்க. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்ல அப்படிப் பிரிக்கிற வசதி கிடையாது. எக்ஸ்-பிளேன்ங்கிற இன்னொரு சிமுலேட்டர்ல உண்டு, ஆனா ரெண்டு பக்கமும் ஒரே பதிப்பு, ஒரே சீனரி (நிலக்காட்சிக் கோப்புகள்) இருக்கணும். நாம இன்னைக்குப் பண்ணப்போறது வேற வேலை. ஜன்னலுக்கு வெளியே தெரியுறதை வரைய பெரிய கம்ப்யூட்டர், மீட்டரை வரைய சின்ன கம்ப்யூட்டர்.

ஏன் பிரிக்கணும்? வினாடிக்கு 30 ஃபிரேம் வேணும்னா ஒரு படத்தை வரைஞ்சு முடிக்க 33 மில்லிசெகண்ட்தான் இருக்கு. வலது ஆல்ட் விசையை அழுத்திக்கிட்டு காக்பிட்ல உள்ள டிஜிட்டல் திரையைக் கிளிக் பண்ணினா அது தனி ஜன்னலா வெளிய வரும், உண்மைதான். ஆனா அதையும் வரையுறது அதே கிராஃபிக்ஸ் கார்டு. அந்த 33 மில்லிசெகண்டுக்குள்ளதான் அதுவும் முடியணும். பழைய செஸ்னா 172-ங்கிற சின்ன விமானத்துல இருக்கிற முள் மீட்டர்களோ அப்படி வெளிய வரவே வராது.

சின்ன கம்ப்யூட்டருக்கு நாம படம் அனுப்பப்போறது இல்ல. உயரம், வேகம், சாய்வு, திசை, எல்லாமே வெறும் எண். அந்த எண்ணை வாங்கி முள்ளை அங்கேயே வரையுறது ஏர் மேனேஜர்ங்கிற மென்பொருள். பெரிய கம்ப்யூட்டர் மீட்டருக்காக ஒரு புள்ளிகூட வரைய வேண்டாம்.

அதனால சின்ன கம்ப்யூட்டருக்குப் பெரிய செலவு தேவையில்ல. ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின ஐ5, 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, ரெண்டு மானிட்டர் செருக இடம், இவ்வளவு போதும். வாங்கும்போது ஒண்ணை மட்டும் பாருங்க: இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழ வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 முறைப்படி ஏத்துக்கிறது 8-ஆம் தலைமுறையில இருந்துதான்.

(காட்சி: முகப்பிலிருந்து வளவு தாண்டி இரண்டாம் கட்டு வரை கேமரா நடக்கிறது.)

இப்போ வீட்டுக்கு வருவோம். ரவுட்டர் பெரும்பாலும் முகப்புல இருக்கும். காக்பிட்டுக்கு இடம் கிடைக்கிறது இரண்டாம் கட்டுல ஒரு அறையில. நடுவுல வளவும் கனமான செங்கல் சுவர்களும். அந்தச் சுவரைத் தாண்டி வரும்போது வைஃபை பாதி செத்துடும். வந்தாலும் சீரா வராது. ஒரு எண் 3 மில்லிசெகண்ட்ல வரும், அடுத்தது 40-ல வரும். அதை மீட்டர்ல பார்த்தா முள் தத்தித் தத்திப் போகும். வீடியோ பார்க்கும்போது தெரியாத குறை, உயரம் காட்டுற ஆல்டிமீட்டர் முள்ளுல பளிச்சுனு தெரியும்.

அதனால கேபிள்தான். கேட்6, சுத்தச் செம்புக் கம்பி. சிசிஏன்னு விலை குறைவா விக்கிறது அலுமினியத்து மேல செம்பு பூசினது, முனையில பிளக்கை அழுத்திப் பொருத்தின, அதாவது கிரிம்ப் பண்ணின இடத்துல நாளாக நாளாக விட்டுப்போகும். 100 மீட்டர் வரைக்கும் ஒரே துண்டா இழுக்கலாம். ஒரு தெருவுல வாசலும் அடுத்த தெருவுல கொல்லையுமா நீளுற வீட்டுக்குக்கூட பெரும்பாலும் இது போதும். சுவரைத் துளைக்காதீங்க. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைச்ச அந்தச் சுண்ணாம்புப் பூச்சு ஒரு தடவை பெயர்ந்தா, அதே பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர ஆள் தேடணும். தாழ்வார உத்தரத்து ஓரமா பிவிசி பைப்புக்குள்ள விட்டுக் கொண்டுவாங்க, அணில் கடிக்காம இருக்க அதுவே காப்பு.

காக்பிட் அறைக்குள்ள லேன் கேபிள்களை ஒண்ணா சேர்க்கிற 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒண்ணு வைங்க. முகப்புல இருந்து வர்ற கேபிள் ஒண்ணு, ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொண்ணு. ரவுட்டரே செத்தாலும் இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசும்.

அடுத்தது எர்த். இந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்க்காதீங்க.

(காட்சி: பழைய இரண்டு ஓட்டை பிளக் பாயிண்ட், பக்கத்தில் மூன்று ஓட்டை பாயிண்ட்.)

பழைய வயரிங் உள்ள வீட்டுல பல பாயிண்ட்டுக்கு எர்த் இருக்காது. மூணாவது ஓட்டை இருந்தாலும் பின்னால வயர் இருக்காது. அதுல கம்ப்யூட்டரைச் செருகிட்டு இரும்புப் பெட்டியைத் தொட்டா சுருக்குனு இருக்கும். காரணம் இதுதான்: கம்ப்யூட்டரோட பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்-க்குள்ள மின் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிட ரெண்டு கெபாசிட்டர் இருக்கு. எர்த் இல்லைன்னா அந்த வோல்டேஜ் பெட்டியிலேயே நிக்கும், 230-ல பாதி, 115 பக்கம். கரண்ட் ரொம்பக் கம்மி, ஆளுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரு கம்ப்யூட்டருக்கு எர்த் இருக்கு, இன்னொண்ணுக்கு இல்ல, ரெண்டையும் ஓடவிட்டுக்கிட்டே நடுவுல ஆடியோ வயர் செருகுறீங்கன்னு வைங்க, அந்த வித்தியாசம் அத்தனையும் அந்த மெல்லிசு வயர் வழியா பாயும். போர்ட் போயிடும். தப்பிச்சாலும் ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு ஓயாம ஒரு முனகல் நிக்கும்.

லேன் கேபிளுக்கு இந்தப் பயம் இல்ல. அதோட ரெண்டு முனையிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, நேரடித் தொடர்பு கிடையாது. மேல உலோக உறை போட்ட கேபிளா வாங்காதீங்க, அந்த உறையே ரெண்டு பெட்டியையும் இணைச்சுடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரே பாயிண்ட்டுக்கு நல்ல எர்த் இழுத்து, ரெண்டு கம்ப்யூட்டர், எல்லா மானிட்டர், ஸ்விட்ச், எல்லாத்தையும் அந்த ஒரே பாயிண்ட்ல இருந்து எடுங்க.

யூபிஎஸ் கணக்கு: சிமுலேட்டர் ஓடும்போது பெரிய கம்ப்யூட்டர் 450 வாட், சின்னது 60, நாலு மானிட்டர் 120, ஸ்விட்சுக்கும் மத்த சில்லறைக்கும் 10. கூட்டினா 640. கடையில 1000 விஏன்னு குடுக்கிறது பெரும்பாலும் 600 வாட்தான் தாங்கும், கரண்ட் போன நொடியே அதுவும் சேர்ந்து அணைஞ்சுடும். 1500 விஏ, 900 வாட் பாருங்க. நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டிருந்தா லைன் கரண்ட் மாதிரியே சீரான அலையா குடுக்கிற சைன் வேவ் யூபிஎஸ்தான் பொருத்தம்.

(காட்சி: பணிமேசையில் பிளைவுட் பலகை, ஹோல்சா.)

இப்போ பேனல். 21.5 இன்ச் மானிட்டரோட தெரியுற பகுதி 476-க்கு 268 மில்லிமீட்டர். உண்மையான விமான மீட்டருக்கான ஓட்டை மூணே அரைக்கால் இன்ச், அதாவது 79 மில்லிமீட்டர். மையத்துக்கு மையம் 90 விட்டு மூணு வரிசையா ரெண்டு அடுக்கு அடிச்சா ஆறு மீட்டருக்கு 259 அகலம், 169 உயரம். வலது பக்கம் 200-க்கு மேல மிச்சம், என்ஜின் மீட்டருக்கும் ரேடியோவுக்கும் அந்த இடம்.

ஆசாரிகிட்ட குடுத்தா உறுதியா இருக்கட்டும்னு 12 மில்லிமீட்டர் பலகையிலேயே ஓட்டை போட்டுக் குடுப்பார். அது வேண்டாம். நீங்க மேல இருந்து சாய்வா பார்க்கிறீங்க, 12 மில்லிமீட்டர் ஓட்டையோட மேல் விளிம்பு டயல்ல மேல இருக்கிற எண்களை மறைச்சுடும். முன் தகடு 4 மில்லிமீட்டர் பிளைவுட், பின்னால தாங்குற சட்டம் மட்டும் 12. எம்டிஎஃப் எடுக்காதீங்க, ஐப்பசி கார்த்திகை மழையில ஊறி ஓட்டையோட ஓரம் உப்பும். மானிட்டர் ஐபிஎஸ்-ஆ இருக்கணும். டிஎன் வகையில சாய்வா பார்த்தா, விமானத்தோட சாய்வைக் காட்டுற ஹொரைசன் மீட்டரோட நீலமும் பழுப்பும் வெளுத்துப் போகும்.

யோக் (விமானத்தோட ஸ்டியரிங்), த்ராட்டில் (என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது), ரடர் பெடல் (மூக்கை இடம் வலம் திருப்ப காலால மிதிக்கிறது) மூணும் பெரிய கம்ப்யூட்டருக்கு. பேனல்ல திருகுற குமிழ்கள் மட்டும் ஆர்டுயினோ மெகாங்கிற சின்ன சர்க்யூட் போர்டு வழியா சின்ன கம்ப்யூட்டருக்கு. ஏர் மேனேஜர் அதை நேரடியாவே படிக்கும். ஒரு குமிழுக்கு ரெண்டு பின், ஆறு குமிழுக்கு 12. மெகாவுல டிஜிட்டல் பின் 54 இருக்கு. இருபது நிமிஷம் கழிச்சு குமிழ் எதுவும் வேலை செய்யலைன்னா போர்டைச் சந்தேகப்படாதீங்க. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ்ல, சும்மா இருக்கிற யூஎஸ்பியைத் தூங்க வைக்கிற யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் ஓடிக்கிட்டு இருக்கும், அணைச்சுடுங்க.

ஆத்தங்குடி கல் பதிச்ச தரைன்னா இன்னொரு தொல்லை. ரடரை ஒரு மிதி மிதிச்சா பெடல் அப்படியே வழுக்கி முன்னால போகும். தேங்காயெண்ணெய் போட்டு மெழுகின தரைன்னா கேக்கவே வேண்டாம். கல்லுல ஸ்க்ரூ அடிக்காம, பெடலையும் நாற்காலியையும் ஒரே பலகையில பூட்டுங்க. மிதிக்கிற விசையை உங்க உடம்பு எடையே தாங்கிக்கும்.

(காட்சி: திரையில் நெட்வொர்க் செட்டிங்ஸ்.)

இனி இணைப்பு. பெரிய கம்ப்யூட்டருக்கு 192.168.1.10, சின்னதுக்கு 192.168.1.11-னு நிலையான முகவரி குடுங்க. ரவுட்டர் வேற எதுக்கும் இந்த எண்களைக் குடுக்காதபடி அதுலயும் ஒதுக்கிடுங்க. இதைச் செய்யாட்டி ஒரு நாள் கரண்ட் போய் வரும், ரவுட்டர் புது முகவரி குடுக்கும், நேத்து ஆடின முள் இன்னைக்கு அசையாது.

ரெண்டுலயும் நெட்வொர்க் வகை 'பிரைவேட்'னு இருக்கணும். 'பப்ளிக்'னு இருந்தா ஃபயர்வால் வெளியில இருந்து வர்ற பேச்சை மறிச்சுடும். ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணு பதில் சொல்லுதான்னு பார்க்க பிங் அடிச்சுட்டுப் பதில் இல்லைன்னு பயப்படாதீங்க, விண்டோஸ் சும்மாவே பிங்குக்குப் பதில் சொல்லாம இருக்கலாம்.

அப்புறம் சிம்கனெக்ட் எக்ஸ்எம்எல் கோப்பு. சிமுலேட்டர் தன் எண்களை வெளி மென்பொருளுக்குக் குடுக்கிற வழிதான் சிம்கனெக்ட், அதோட அமைப்பு இந்தக் கோப்புல இருக்கு. 2020 பதிப்புல, ஸ்டீம்ல வாங்கினதுன்னா ஆப்டேட்டா, ரோமிங், அதுக்குள்ள மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஃபோல்டர்ல இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல வாங்கினதுன்னா ஆப்டேட்டா, லோக்கல், பேக்கேஜஸ், சிமுலேட்டர் பேரு உள்ள ஃபோல்டர், அதுல லோக்கல்கேஷ். முதல்ல ஒரு நகல் எடுத்து வைங்க. திறந்தா 'ஐபிவி4'னு ஒரு பகுதி. அங்க ஸ்கோப் 'லோக்கல்'னு இருந்தா 'குளோபல்'னு மாத்துங்க. அட்ரஸ் 192.168.1.10, போர்ட் 500. சேமிச்சுட்டு சிமுலேட்டரை முழுசா மூடித் திறங்க. அதே போர்ட்டை ஃபயர்வால்ல டிசிபி-க்கு அனுமதிங்க. சின்ன கம்ப்யூட்டர்ல ஏர் மேனேஜர் செட்டிங்ஸ்ல அதே முகவரி, அதே போர்ட்.

இங்க தப்பு நடக்கிற இடம் ரெண்டு. ஒண்ணு, நோட்பேட் பின்னால சத்தமில்லாம ஒரு 'டிஎக்ஸ்டி'யை ஒட்டிச் சேமிச்சிருக்கும். கோப்பு நீட்சி மறைஞ்சிருந்தா அது கண்ணுல படாது. ரெண்டு, ஒரே ஒரு கோண அடைப்பு விட்டுப்போனாலும் சிமுலேட்டர் அந்தக் கோப்பையே கண்டுக்காது, பிழைச் செய்தியும் காட்டாது.

மேப் வேணும்னா லிட்டில் நேவ்மேப், இலவசம். பெரிய கம்ப்யூட்டர்ல லிட்டில் நேவ்கனெக்ட், சின்னதுல நேவ்மேப், போர்ட் 51968. மவுஸ் ஒண்ணே போதும், பவர்டாய்ஸ்ல வர்ற மவுஸ் விதவுட் பார்டர்ஸ் ரெண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவுல அதைக் கடத்தும். சின்ன கம்ப்யூட்டரைத் தூரத்துல இருந்து இயக்க விண்டோஸோட ரிமோட் டெஸ்க்டாப் வேண்டாம். அது உள்ள நுழைஞ்ச உடனே அங்க உள்ள திரையைப் பூட்டிடும், மீட்டர் எல்லாம் மறைஞ்சுடும். விஎன்சி வகை மென்பொருள் போடுங்க.

காரைக்குடிக்கு விமானம் ஒண்ணும் புதுசு இல்ல. விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்து, ஜூபிடர் ஏர்வேஸ்னு ஒரு விமான நிறுவனமே நடத்தினவர் வள்ளல் அழகப்பர். அவர் ஊர்ல இருந்து பறக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல் பாதையா திருச்சியில ஏறி மதுரையில இறங்குறதைச் சொல்லலாம். நேர்கோட்டுல ஏறக்குறைய 67 நாட்டிகல் மைல், செஸ்னாவுல நாப்பது நிமிஷத்துக்குள்ள முடியும்.

(காட்சி: செல்போன் ஸ்லோமோஷன் பதிவு, ஃபிரேம் ஃபிரேமாக.)

கிளம்புறதுக்கு முன்னால ஒரே ஒரு சோதனை. சிமுலேட்டர் காக்பிட்ல தெரியுற ஹொரைசனும் பேனல்ல உள்ள ஹொரைசனும் ஒரே சட்டத்துக்குள்ள விழுற மாதிரி செல்போனை நிறுத்தி, வினாடிக்கு 240 ஃபிரேம்ல ஸ்லோமோஷன் எடுங்க. ஆட்டோபைலட் இல்லாம ஏறிக்கிட்டு இருக்கும்போது யோக்கை ஒரு பக்கம் வெடுக்குனு திருப்புங்க. அப்புறம் ஃபிரேம் எண்ணுங்க. ஒரு ஃபிரேம் 4 மில்லிசெகண்ட். பேனல் 10, 15 ஃபிரேம் பின்தங்கினா கண்ணுக்குத் தெரியாது. 25-ஐத் தாண்டினா முதல்ல சின்ன கம்ப்யூட்டரோட பவர் மோடைப் பாருங்க, மின் சிக்கனத்துல ஓடிக்கிட்டு இருக்கலாம். அடுத்து, பின்னணியில விண்டோஸ் அப்டேட் இறங்குதான்னு பாருங்க. நெட்வொர்க் செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீடு 1 ஜிபிபிஎஸ்-க்குப் பதிலா 100 எம்பிபிஎஸ் காட்டினா எட்டுக் கம்பியில ஏதோ ஒண்ணு கிரிம்ப்ல உட்காரலைன்னு அர்த்தம். முள்ளுக்கு அந்த 100-ஏ தாராளம், ஆனா கம்பி விட்டுப்போன கோளாறு அதோட நிக்காது. தலையை வெட்டிட்டு மறுபடி கிரிம்ப் பண்ணுங்க.